சனிக்கிழமை அளவு

ஒரு மார்ச் மாதத்துச் சனிக்கிழமையில் தொடங்கி, தையல்காரர் காலையில் யாருக்கு முதலில் அளவெடுக்கிறாரோ அந்த ஆளின் ஆறு அளவுகளே மாலை நான்கு மணிக்கு லாட்டரியில் விழுந்தன. கழுத்து, தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், சட்டை நீளம் என்று அவர் நோட்டில் எழுதும் வரிசை மாறாமல் பந்துகள் இறங்கின. முதல் ஆள் ஒரு தபால்காரர்: பதினைந்து, பதினெட்டு, நாற்பது, முப்பத்தாறு, இருபத்துநான்கு, இருபத்தொன்பது. அன்று மாலை தபால்காரர் தன் வீட்டில் உட்கார்ந்து குலுக்கலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தன் உடம்பு கண்ணாடிக் குழாய் வழியாக ஒவ்வொரு பாகமாக இறங்கி வருவது அவருக்குத் தெரியவில்லை. கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், ஒரு எண்கூடப் பொருந்தவில்லை, கிழித்துப் போட்டுவிட்டு முகம் கழுவப் போனார். தன் கழுத்தளவு என்னவென்று தெரிந்தவர்கள் எந்த ஊரிலும் குறைவு.

தையல்காரரின் மனைவிக்கு லாட்டரி அலுவலகத்தில் பந்துகளை எடைபோடும் வேலை. தெருவில் அவளைத் தராசுக்காரி என்றார்கள். அவளுடைய அறைக்கு ஜன்னல் கிடையாது, மின்விசிறி கிடையாது, கதவுக்கு அடியில்கூடக் கம்பளித் துணி செருகியிருந்தது, ஏனென்றால் அந்தத் தராசு ஆளின் மூச்சுக்கே முள்ளசைக்கும். சனிக்கிழமை நண்பகலில் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு நாற்பத்தொன்பது பந்துகளையும் ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முள் நிற்கும்வரை காத்திருப்பாள். ஒவ்வொன்றும் நாலு கிராம். நாற்பத்தொன்பது முறை மூச்சு நின்று நாற்பத்தொன்பது முறை திரும்பிய பிறகு ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தில் இரண்டு வரிகள். முதல் வரி: பந்துகள் எடையில் சமம். இரண்டாவது வரி: இன்று விழப்போகும் எண்களை நானோ நான் அறிந்த எவருமோ அறியோம். இந்த இரண்டாவது வரியை எழுதியவர் யார் என்று அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை. முதல் வரிக்குத் தராசு சாட்சி, இரண்டாவது வரிக்குத் தான் மட்டுமே சாட்சி என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. இருபத்திரண்டு வருடங்களாக அந்த வரியை முழுதாகப் படிக்காமல் அவள் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை.

அவளுடைய நாத்தனார், அதாவது தையல்காரரின் அக்கா, அடுத்த தெருவில் தனியாக இருந்தாள். அலுவலக ஊழியரின் வீட்டில் குடியிருப்பவர்கள் சீட்டு வாங்கக் கூடாது என்பது விதி. நாத்தனார் தனி வீட்டில் இருந்ததால் விதிக்கு வெளியே நின்று முப்பது வருடங்களாக வாரம் ஒரு சீட்டு வாங்கினாள், கனவில் வருவதை எண்ணாக மாற்றி. மாடிப்படி வந்தால் படிகளை எண்ணுவாள், குதிரை வந்தால் கால்களோடு காதுகளையும் சேர்ப்பாள்.

"முப்பத்தொண்ணு விழுந்து நாலு மாசம் ஆச்சு. இந்த வாரம் வந்தே ஆகணும்" என்பாள்.

"பந்துக்கு ஞாபகம் கிடையாது அண்ணி. நாலு மாசமா வரலைன்னு அதுக்குத் தெரியாது."

"உனக்குத்தான் தெரியும்ல? அது காதுல கொஞ்சம் போட்டு வையேன். வாராவாரம் கையிலதான வச்சிருக்க."

தராசுக்காரி சிரித்துவிடுவாள். ஆறு எண்களும் பொருந்துவதற்கு ஒரு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து எண்பத்து மூவாயிரத்து எண்ணூற்றுப் பதினாறில் ஒரு வாய்ப்பு என்று பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். அந்த ஒண்ணு நான்தான் என்று நாத்தனார் சொல்வாள். வாய்ப்புக் கணக்கு எல்லோரையும் பற்றிப் பேசும், எதிரில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியைப் பற்றி மட்டும் அதனால் பேச முடியாது.

விஷயம் வெளியே வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த வீட்டில் ஞாயிறு காலைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. முன்னறைதான் தையல்கடை. தையல்காரர் வெட்டுமேசையில் துணியை விரித்துச் சுண்ணக்கட்டியோடு நிற்பார், மனைவி அவருடைய அளவு நோட்டைப் பார்த்து வாசிப்பாள், அவர் கோடு போடுவார். கல்யாணமான வருடத்திலிருந்து இப்படித்தான். அன்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் சட்டை. கழுத்து பதினொண்ணு, தோள் பன்னிரண்டு, மார்பு இருபத்தஞ்சு, இடுப்பு இருபத்துநாலு, கை பதினஞ்சு என்று வாசித்துக்கொண்டே போனவள், நோட்டைப் பார்க்காமலே நீளம் பத்தொன்பது என்றாள். பிறகு பார்த்தாள். பத்தொன்பதுதான். முந்தின நாள் குலுக்கல் முடிந்ததும் இயந்திரத்தை ஓட்டுபவர், "இன்னைக்கு எல்லாம் பொடிசுங்களா வந்திருக்கு" என்று சொன்னது மறுபடி காதில் விழுந்தது. சில வாரங்களாகவே ஞாயிற்றுக்கிழமை எண்களை வாசிக்கையில் வாய்க்கு ஒரு பழகின ருசி இருந்ததை, இப்போது நினைத்தால், நாக்கு அவளுக்கு முன்பே கவனித்திருந்தது.

தன் குலுக்கல் பதிவேட்டையும் கணவரின் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பதினோரு வாரங்கள் பொருந்தின. அரை இஞ்சு வந்த இடங்களில் அடுத்த பெரிய எண் விழுந்திருந்தது, துணியைக் குறைக்கலாம், கூட்ட முடியாது என்கிற தையல்காரர்களின் நியாயப்படி. அவள் பயப்படவில்லை. சந்தேகமான தராசு ஒன்று கையில் கிடைத்தால் என்ன செய்வாளோ அதைத்தான் செய்தாள். அலுவலகக் கிடங்கில் மூட்டை தூக்குகிற ஒருவரைக் கூப்பிட்டு, "சனிக்கிழமை காலைல கடை திறந்ததும் வந்துடுங்க, ஒரு சட்டை தைச்சுத் தரேன்" என்றாள். மூட்டைக்காரரின் மார்பு ஐம்பத்திரண்டு இஞ்சு. லாட்டரியில் பந்துகள் நாற்பத்தொன்பதோடு முடிந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை மாலை மூன்றாவதாக இறங்கிய பந்தில் ஐம்பத்திரண்டு என்று எழுதியிருந்தது. தொலைக்காட்சியில் எண்களைப் படிக்கும் பெண் அதைப் படித்துவிட்டு அடுத்த பந்துக்குப் போனாள். மேலாளர் பந்தைக் கைக்குட்டையில் சுற்றி எடைபோடக் கொண்டுவந்தார். தராசுக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நாலு கிராம், மற்றவற்றைப் போலவே. மேலாளர் அதைத் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, இந்த வாரத்துக்கு ஐந்து எண்களே போதும் என்று அறிவித்தார். ஐம்பத்திரண்டைத் தேர்ந்தெடுக்கத் தங்களுக்கு வாய்ப்பு தரப்படவில்லை என்று இரண்டு பேர் புகார் எழுதினார்கள், அதோடு சரி.

அன்று சாயங்காலமே கணவரிடம் சொன்னாள். தையல்காரர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். ஊசியில் நூல் கோர்க்கும்போது வைத்துக்கொள்கிற முகத்தோடு அதை மூடி வைத்தார்.

"அப்ப என்னையும் மிஷின் மாதிரி சோதிச்சுப் பாத்திருக்க."

"ஆமா. சோதிக்காம எப்படிச் சொல்றது?"

"சரி விடு. அக்கா வீட்டுக் கூரை ஒழுகுது. அவகிட்ட ஒரே ஒரு தடவ சொன்னா என்ன? நம்ம வீட்ல யாரும் வாங்கப் போறதில்லையே."

"சொல்லலாம். சொன்ன அன்னைக்கே நான் அந்த ரெண்டாவது வரில கையெழுத்துப் போடக் கூடாது."

"அந்த வரிய உன்னத் தவிர யார் படிக்கிறா?"

அதுதான் அவளுக்கும் பிரச்சினை. அடுத்த சனிக்கிழமை, கடை திறப்பதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பி, ஒரு பூங்காவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அலுவலகம் போனாள். தனக்குத் தெரியாது, அது உண்மை. ஆனால் நான் அறிந்த எவருமோ என்று வரி சொல்கிறது, அவள் அறிந்தவர்களிலேயே அதிகம் அறிந்தவர் இந்நேரம் நோட்டில் ஆறு எண்களை எழுதிவிட்டிருப்பார். கையெழுத்துப் போட்டாள். போட்ட கையெழுத்து அவளுடையதைப் போலவே இருந்தது, யாரோ நன்றாகப் பழகிப் போட்டதைப் போல. அன்றிலிருந்து பேருந்தில் ஏறினால் எதிரில் நிற்பவரின் கழுத்து பதினாறு, தோள் பத்தொன்பது என்று தோன்ற ஆரம்பித்தது. ஒரு கிழவர் இருமினார், இருமலுக்கு இரக்கப்படுவதற்கு முன்பே அவர் மார்பு முப்பத்து நாலு என்று மனம் எழுதிவிட்டது. பணத்தின் மேல் அவளுக்கு ஆசை இல்லையென்று சொல்ல முடியாது, கூரை ஒழுகுவதும் உண்மை. ஆனால் மனிதர்கள் எல்லோரும் தன் கண்ணில் சீட்டுகளாக மாறிக்கொண்டிருந்தது அவளுக்குக் கூசியது. வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தாள். விட்டால் அடுத்து வருபவர் வரியைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான் நடக்கும். இருபத்திரண்டு வருடங்களாக அவள் ஒருத்தி உண்மையாக்கி வைத்திருந்த ஒரு வாக்கியம் வெறும் மையாகிவிடும்.

மேலாளரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"பந்தெல்லாம் எடை சரியா இருக்கில்ல?" என்றார் அவர்.

"இருக்கு சார்."

"அப்புறம் என்னம்மா? விதில தையல்காரரைப் பத்தி ஒண்ணும் இல்ல. இருந்தா அவரையும் தட்டுல வச்சு எடை போட்டிருக்கலாம்."

"ரெண்டாவது வரி இருக்கு சார்."

மேலாளர் படிவத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பதவியேற்ற நாளிலிருந்து முதல் முறையாக அதைப் படித்தார். "நல்லா எழுதியிருக்காங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

மனைவி நான்கு நாட்களாகச் சரியாகப் பேசாததைத் தையல்காரரால் தாங்க முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை அவராகவே கடையைத் திறக்காமல் விட்டார். அளவு நாடாவைச் சுருட்டி அரிசிப் பாத்திரத்துக்குள் போட்டுவிட்டு, ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்தார். குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் போனாள். அவ்வளவுதான். மாலையில் குடைப்பெண் கழுத்திலிருந்து நீளம்வரை முழுதாக விழுந்தாள்.

"பாக்காம இருந்திருக்கலாமே."

"முப்பது வருசமாப் பாத்த கண்ணு. ஒரு கல்லைக் கைல எடுத்தா அது எத்தனை கிராம்னு நெனைக்காம உன்னால கீழ போட முடியுமா?"

முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அடுத்த வாரம் அவளே ஒரு வழி கொண்டுவந்தாள். கடையில் எண் இல்லாத வெள்ளை ரிப்பன் சுருள் கிடந்தது. அதை வைத்து அளந்து, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு துண்டாக வெட்டி, ஆறு துண்டுகளையும் ஓர் ஊக்கில் குத்தி வைத்தால் சட்டையும் தைக்கலாம், எண்ணும் யாருக்கும் தெரியாது. தையல்காரர் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு ஒரு வங்கிக் காவலாளியின் முன் நின்றார். ரிப்பன் தோளைத் தொட்டதுமே அவர் வாய் தன்னிச்சையாகப் பத்தொன்பது என்றது. மார்புக்கு வந்தபோது வாயை மூடிக்கொண்டார், ஆனால் முகம் நாற்பத்திரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தது. கை தேர்ந்தவருக்கு ரிப்பனும் நாடாதான்.

"இங்க குடுங்க" என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கண்டுபிடிக்கிற அந்தப் பெண்ணுக்கு நீளம் மட்டும் ஒருநாளும் பிடிபட்டதில்லை. திரைச்சீலை வாங்கினால் தரையில் புரளும், இல்லையென்றால் முழங்கால் உயரத்தில் நின்றுவிடும். காவலாளியின் தோளை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரியாமல் முதுகில் ஒரு வளைவு கொடுத்து வெட்டினாள். மார்பைச் சுற்றும்போது ரிப்பன் பின்னால் நழுவி இறங்கியது, அது அவளுக்குத் தெரியவில்லை. சட்டை நீளத்தை அளக்கும்போது காவலாளி தும்மினார். தையல்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிப்பனை இப்படியா பிடிப்பாங்க? விரலை உள்ள விட்டுப் பிடி."

"கத்துக் குடுக்காதீங்க" என்றாள் அவள்.

அப்போதுதான் இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. காவலாளியின் மார்பு நாற்பத்திரண்டு என்று தையல்காரருக்குத் தெரியும், ஆனால் வெட்டிய துண்டின் நீளம் அவருக்குத் தெரியாது. அவளுடைய கைப்பிழை எவ்வளவோ அவ்வளவு அது நாற்பத்திரண்டிலிருந்து விலகியிருக்கும். அந்தப் பிழையை உலகத்தில் யாரும் அறிந்திருக்கவில்லை, பிழை செய்தவளும் சேர்த்து. ஊக்கில் குத்திய துண்டுகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் போனாள். அங்கே அளவுகோல் கிடையாது, தராசுதான் உண்டு. ஒரு துண்டு ரிப்பனை எடைபோட்டால் அதன் நீளத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்பது தெரிந்தே, பையைத் திறக்காமல் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினாள். ஏறக்குறைய இவ்வளவு இருக்கும் என்று ஒருவர் ஊகிக்கலாம்தான், அதையும் அவள் யோசித்துப் பார்த்தாள். படிவம் அறிவதைப் பற்றித்தான் கேட்கிறது, ஊகத்துக்கு அதில் தடை இல்லை, அவள் நாத்தனார் வாரம் முழுக்க வேறென்ன செய்கிறாள்? இரண்டாவது வரியை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடியபோது பசித்தது. அந்த மேசையில் உட்கார்ந்து அவளுக்குப் பல வாரங்களாகப் பசித்ததில்லை.

நான்கு மணிக்குப் பந்துகள் விழுந்தன. மறுநாள் காலை அவள் ரிப்பன் துண்டுகளை அளவுகோலில் வைத்து வாசித்தாள், தையல்காரர் கோடு போட்டார். ஆறும் முந்தின நாள் விழுந்த எண்களோடு பொருந்தின. அதன் பிறகு சில மாதங்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

சிரமம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. எதையும் நான்கு முறை செய்தால் ஐந்தாவது முறை திருத்தமாகச் செய்துவிடுகிற பிறவி அவள். இரண்டு மாதத்தில் அவளுடைய ரிப்பன் தோள்பட்டையில் நேராகப் படிய ஆரம்பித்தது. தையல்காரர் பெருமையோடு பார்த்துவிட்டு, பிறகு கவலையோடு பார்த்தார். வேண்டுமென்றே பிழை செய்து பார்த்தாள், ஆனால் வேண்டுமென்று செய்யும் பிழை எவ்வளவு என்று செய்பவளுக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசியில் பேச ஆரம்பித்தாள். அளவெடுக்கும்போது வந்தவரிடம் பல்வலியைப் பற்றி, அவர் வீட்டுக் குழாயைப் பற்றி, பேசாமல் போன தங்கையைப் பற்றிக் கேட்டாள், கேட்பதற்காகக் கேட்காமல், பதில் எதுவோ அதில் உண்மையாகவே விழுந்தாள். அவர்கள் கையை வீசிச் சொன்னார்கள், இவளும் திரும்பிச் சிரித்தாள், கை அதன் போக்கில் வெட்டிக்கொண்டிருந்தது. நண்பகலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவளுக்குக் காலையில் ஒரு பத்து நிமிடம், நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு தவறாகச் செய்யக் கிடைத்தது. அதற்காகச் சனிக்கிழமைகளை எதிர்பார்ப்பதை அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் தனக்குள் ஒப்புக்கொண்டாள். பேருந்தில் எதிரில் நிற்பவர்கள் இப்போது வெறும் ஆட்களாக நின்றார்கள், இருமினால் இருமல் மட்டும் கேட்டது.

சனிக்கிழமைச் சட்டைகள் தொளதொளவென்று இருந்தன. தையல்காரரின் மற்ற நாள் சட்டைகள் உடம்பில் ஒட்டினாற்போல் உட்காரும், அதுதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. இருந்தும் முதலில் வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், பிறகு பிள்ளை உண்டாகியிருந்த ஓர் ஆசிரியை, பிறகு நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற ஒரு நீதிபதி என்று சிலர் சனிக்கிழமை முதல் ஆளாகவே வேண்டும் என்று வாசலில் வந்து நின்றார்கள். நாத்தனாரும் ஒரு தடவை வந்து கோட்டுக்கு அளவு கொடுத்தாள். அன்று விழுந்தது முழுக்க அவள்தான். கையில் கனவுச் சீட்டை வைத்துக்கொண்டு தம்பி வீட்டில் உட்கார்ந்தே பார்த்தாள், ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

"இது என்ன எண்ணோ, யாருக்கும் ஆகாத எண்ணு" என்று சீட்டை மடித்தாள். தையல்காரர் சிரிப்பை அடக்க எழுந்து உள்ளே போய்விட்டார். கூரையை அவரும் மனைவியுமாக இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஏறி அடைத்தார்கள். நாத்தனார் அந்தத் தொளதொளக் கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே நின்று ஏணியைப் பிடித்தாள், காலை எங்கே வைப்பது என்று இருவருக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

இப்படி ஏழு வருடங்கள் போயின. மேலாளர் ஓய்வுபெறுவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றுகொண்டிருந்தார். கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"நீ சொன்னியேம்மா, அது இன்னும் நடக்குதா?"

"நடக்குது சார்."

"சரி. எனக்கு ஒண்ணு எடு. பாத்து எடு."

"பாக்காமத்தான் சார் எடுக்கணும். ஓய்வுக்கு அப்புறம் என்ன பண்ணப் போறீங்க?"

மேலாளர் கைகளை விரித்துக்கொண்டு நின்று, மீன் வளர்ப்பதைப் பற்றிச் சொன்னார். மீன்களுக்கு எந்த நேரம் எவ்வளவு தீனி என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் ஆறு துண்டுகளும் ஊக்கில் ஏறிவிட்டன. நண்பகலில் அவள் பந்துகளை எடைபோட்டாள், படிவத்தைப் படித்தாள், கையெழுத்துப் போட்டாள். மேலாளர் அதை வாங்கி, இரண்டாவது வரிக்குக் கீழே தானும் ஒரு கையெழுத்துப் போட்டார், அதற்கு இடமே இல்லாதபோதும். நான்கு மணிக்கு இருவரும் கண்ணாடி உருளையின் எதிரில் நின்றார்கள். காற்று ஊதியது, பந்துகள் எழும்பின, முதல் பந்து குழாயில் இறங்கியது. பதினெட்டு. மேலாளர் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"என் கழுத்து பதினாறரை."

"கொஞ்சம் தொளதொளன்னுதான் சார் இருக்கும்" என்றாள் தராசுக்காரி. "போடப் போடப் பழகிடும்."

மேலாளர் தலையாட்டிவிட்டு, தோளுக்காகக் காத்திருந்தார்.